பட்டியலில் முதல் பெயர்

தஞ்சோங் மாலிம்
மார்ச் 9

அக்கா,

உறையில் என் கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போட்டுவிடாதே. கைப்பேசியில் என் எண்ணை அடைத்துவிட்டாய். உன் பெண் ஷாமினிக்கு அனுப்பினால் அவள் படிக்கிறாள், பதில் போடுவதில்லை. போன ஞாயிற்றுக்கிழமை லகாட்டுக்கு வந்தேன். வாசலில் மச்சானுடைய மோட்டார் சைக்கிள் நின்றது. உள்ளே காற்றாடி ஓடுகிற சத்தமும் கேட்டது. இருபது நிமிடம் கேட்டுக்கு வெளியே நின்றேன். பக்கத்து வீட்டுப் பத்துமலை அண்ணன் வந்து, "வீட்லதான் இருக்காங்க தம்பி. இப்ப வேணாம் லா, பெறகு வா" என்றார். திரும்பிவிட்டேன். அதனால்தான் இந்தத் தபால்.

நீ கேள்விப்பட்டது உண்மைதான். மச்சான் பெயரைக் கொடுத்தது நான்தான். அது யார் வாயிலிருந்தோ உன் காதுக்கு வந்திருக்கக் கூடாது, நானே சொல்லியிருக்க வேண்டும். சொல்லலாம், சொல்லலாம் என்று நாளைக் கடத்திவிட்டேன்.

நடந்ததைச் சொல்கிறேன். கார் ஆர்டர் குறைந்துவிட்டது என்று எங்கள் இருக்கைத் தொழிற்சாலையில் ஆறு மாதமாகவே பேச்சு. முதலில் ஓ.டி.யை நிறுத்தினார்கள். பிறகு இரண்டாவது ஷிப்டு போனது. பிப்ரவரி தொடக்கத்தில் லைன் லீடர்கள் எல்லாரையும் அழைத்து ஆளுக்கொரு தாளைக் கொடுத்து, உங்கள் வரிசையில் வேண்டாத மூன்று பேரை எழுதுங்கள் என்றார்கள். என் வரிசையில் மச்சானோடு சேர்த்துப் பதினான்கு பேர். உனக்கு நினைவிருக்கும், நான் லீடரான புதிதில், மச்சானுக்கு மட்டும் ஓ.டி. தருகிறான் என்று எவனோ மொட்டைக் கடிதம் போட்டு எனக்கு எச்சரிக்கை வந்தது. அன்றிலிருந்து நல்லது எதுவானாலும் அவருக்குக் கடைசியில், கஷ்டம் எதுவானாலும் அவருக்கு முதலில் என்று வைத்துக்கொண்டேன். அவரும் ஏன் என்று ஒரு வார்த்தை கேட்டதில்லை. அந்தப் பழக்கத்தில்தான் அவர் பெயரை முதலில் எழுதினேன். சொந்தக்காரனைக் காப்பாற்றிவிட்டான் என்று யாரும் வாய் திறக்கக் கூடாது என்பதற்காக.

அவர் போய்விடுவார் என்று நான் நினைக்கவே இல்லை, அக்கா. எங்கள் கம்பெனியில் எந்தப் பட்டியலும் ஒரே தடவையில் முடிந்ததில்லை. மேலே போகும். ஆபீசில் ஆள் விவகாரம் பார்க்கிற சுவர்ணா மேடம் சிவப்புப் பேனாவால் அடித்துத் திருப்பி அனுப்புவார். மறுபடி எழுதுவோம். மச்சானுக்குப் பதினோரு வருட சர்வீஸ், உடம்பு முடியவில்லை என்று ஒரு எம்.சி. கூட எடுக்காத ஆள். சிவப்புக் கோடு முதலில் அந்தப் பெயர்மேல்தான் விழும் என்று தைரியமாக இருந்தேன். அதற்கு முந்தின வெள்ளிக்கிழமையே சுவர்ணா மேடத்தை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. அவர் இடத்துக்கு வந்தவர் தலைமை அலுவலகத்து ஆள், எங்களில் யாரையும் தெரியாது. தாளை வாங்கினார், அப்படியே தட்டச்சுக்குக் கொடுத்துவிட்டார்.

நான் ஏதாவது செய்கிறேன். ஒரு வரி எழுது, திட்டியாவது எழுது.

பவி


லகாட்
மார்ச் 20

பவித்ரனுக்கு,

திட்டு வேண்டுமென்று கேட்டு எழுதியிருக்கிறாய். தபால் தலை ஒட்டித் தம்பியைத் திட்டுகிற முதல் அக்கா நானாகத்தான் இருப்பேன். போனை எடுக்காததற்குக் காரணம் இரண்டு. இந்த வீட்டில் எந்த மூலையில் நின்று பேசினாலும் எல்லா அறைக்கும் கேட்கும், அவர் இப்போது நாள் முழுக்க வீட்டில் இருக்கிறார். இன்னொன்று, உன் குரலைக் கேட்டால் எனக்கு மனசு இளகிவிடும். இளகுவதற்கு நான் இன்னும் தயாராக இல்லை. இதை ஓட்டல் சலவை அறையில், படுக்கை விரிப்பு மடிக்கிற மேசையில் வைத்து எழுதுகிறேன். பதில் போடுவதென்றால் நீயும் ஓட்டல் முகவரிக்கே போடு.

பெயர் எழுதியதைக்கூட விடு. எனக்கு ஆறாதது தெலுக் பாத்திக். கம்பெனி குடும்ப நாள் என்று பஸ் வைத்துக் கடற்கரைக்குக் கூட்டிப் போனீர்களே, அது. நான் விடிகாலையில் எழுந்து செய்த கணவாய் சம்பலை வைத்துக்கொண்டு மூன்று தட்டுச் சோறு சாப்பிட்டாய். ஷாமினியை ரப்பர் படகில் ஏற்றிவிட்டு, அவள் கத்துவதைப் படம் பிடித்தாய். குலுக்கலில் அவருக்கு ரைஸ் குக்கர் விழுந்தபோது நீதான் மைக்கைப் பிடித்து, "அர்ச்சுனன், லைன் நாலு" என்று கூப்பிட்டாய். அவர் பேன்ட்டில் ஒட்டிய மணலைத் தட்டிக்கொண்டே மேடைக்கு ஓடினார். அன்றைக்கு உன் தாள் மேலே போய் ஒன்பது நாள் ஆகியிருந்தது. அதைத் தெரிந்துகொண்டபின் எனக்கு ஒரே கேள்விதான், அந்தச் சோறு எப்படி உனக்குத் தொண்டையில் இறங்கியது?

டிப்ளோமாவை வைத்துக்கொண்டு ஒரு வருடம் சும்மா இருந்த உன்னை அந்தக் கம்பெனிக்குள் கூட்டிப் போனது யார்? சூப்பர்வைசர் வீட்டு வாசலில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை நின்று உனக்காகக் கேட்டவர் அவர். நீ லீடரான அன்று லட்டு வாங்கிக்கொண்டு வந்தார். பெண்டாட்டியின் தம்பிக்குக் கீழே வேலை செய்ய வெட்கமாக இல்லையா என்று யாரோ கேட்டதற்கு, "நம்ம பையன் லா" என்றாராம். அதையும் என்னிடம் பெருமையாகத்தான் சொன்னார்.

வேலையை விட்டு நிறுத்திய கடிதம் வந்தும் அவர் பழக்கம் மாறவில்லை. ஐந்து மணிக்கே எழுந்து குளித்து, சட்டையை மாட்டிக்கொண்டு முன்னறையில் உட்கார்ந்துவிடுகிறார். ஈப்போ சொக்சோ அலுவலகத்துக்குப் போய் வேலை இழந்தவர் என்று பதிந்துவிட்டு வந்தார். வரிசையில் உங்கள் கம்பெனி ஆட்கள் ஏழு பேராம். முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமை வந்தால் ஒரு படம், இல்லையென்றால் வாழை இலைச் சாப்பாடு. இப்போதும் வெளியே போகாமல் இல்லை. பேரங்காடிக்குப் போகிறோம், ஏசியில் மூன்று மாடியும் நடக்கிறோம், வந்துவிடுகிறோம். போன வாரம் ஷாமினியின் வகுப்புப் பிள்ளைகள் எதிரே வந்தார்கள். எங்கள் கையில் ஒரு பைகூட இல்லை. அவள் எங்களை விட்டுத் தள்ளி நடக்க ஆரம்பித்தாள். பதினாறு வயசு, அவளைச் சொல்லிக் குற்றமில்லை.

எனக்கும் இங்கே வாரம் நான்கு நாளாகக் குறைத்துவிட்டார்கள். வெளியூர்க்காரர்கள் வருவது குறைந்துபோனதால் மடிப்பதற்கே விரிப்பு இல்லை. நீ வீட்டுக்கு வராதே. உன்னைப் பார்த்தால் அவர் வா என்றுதான் சொல்வார். அதைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

கலா


தஞ்சோங் மாலிம்
ஏப்ரல் 4

அக்கா,

உன் கடிதத்தைக் கம்பெனிக் கழிவறையில் நின்று படித்தேன். வீட்டில் ஆர்த்திகா முன்னால் படிக்க முடியவில்லை. அவளுக்கு ஆறாவது மாதம். நீ என்ன எழுதினாய் என்று கேட்டாள், சுகம் விசாரித்தாய் என்று சொல்லிவைத்தேன்.

தெலுக் பாத்திக் பற்றிக் கேட்டாய். ஒன்று மட்டும் சொல்கிறேன், அதைக் கேட்டால் உனக்கு இன்னும் கோபம் வரலாம். அன்றைக்கு நான் பயந்துகொண்டு சாப்பிடவில்லை. நிம்மதியாகத்தான் சாப்பிட்டேன். தாள் திரும்பி வரும், அவர் பெயர் அடிபட்டிருக்கும், ஒரு நாள் மச்சானிடமே இதைச் சொல்லிச் சிரிக்கலாம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இங்கே வாரத்துக்கு மூன்று நாள் வேலை. என் வரிசையில் இப்போது பதினொரு பேர். மச்சானுடைய மெஷினுக்கு உறை போட்டு மூடியாகிவிட்டது. வேறு யாரையும் அதில் உட்காரச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மச்சானையே கொடுத்ததால் என்னை நேர்மையானவன் என்று நாலு பேர் சொல்வார்கள் என்று எங்கோ ஒரு மூலையில் எனக்கு இருந்திருக்கிறது. ஒருத்தரும் சொல்லவில்லை. சொந்த மச்சானையே கொடுத்தவன் நம்மை விடுவானா என்று பயப்படுகிறார்கள். சாப்பாட்டு நேரத்தில் நான் போய் உட்கார்ந்தால் மேசையில் பேச்சு நின்றுவிடுகிறது. நானும் இப்போது தனியாகச் சாப்பிடப் பழகிவிட்டேன்.

எழுத வந்தது வேறு. என்னோடு படித்த மகேந்திரன் மெங்லெம்புவில் ஒரு சோபாக் கடையில் லோரி ஓட்டுகிறான். இந்தக் காலத்தில் யாரும் புது சோபா வாங்குவதில்லையாம், பழசுக்கு உறை மாற்றித் தரச் சொல்கிறார்களாம். தைக்கிறவர்களுக்குக் கை ஓயவில்லை, கடை முதலாளி தௌக்கே இன்னொரு ஆள் தேடுகிறார். மச்சான் கைக்கு அது ஒன்றுமே இல்லை. காரின் இருக்கை உறையை மற்றவர்கள் மணிக்குப் பத்துத் தைத்தால் அவர் பதினான்கு தைப்பார். லகாட்டிலிருந்து பத்து நிமிடம், தினமும் வீட்டுக்கு வந்துவிடலாம். திங்கட்கிழமை போகச் சொல். நான் சொன்னதாகச் சொல்லாதே, மகேந்திரன் சொன்னான் என்று மட்டும் சொல்.

இதாவது நடக்கட்டும்.

பவி


லகாட்
ஏப்ரல் 22

பவித்ரனுக்கு,

நீ சொன்னபடியே சொன்னேன். போனார். தௌக்கே மூன்று நாள் வேலை செய்து காட்டச் சொன்னார். முதல் நாள் சட்டையெல்லாம் நூல் ஒட்டிக்கொண்டு வந்தார், அதைத் தட்டக்கூட இல்லை, அப்படியே உட்கார்ந்து இரண்டு தட்டுச் சாப்பிட்டார். இரண்டாம் நாள் மெங்லெம்புக் கடலை ஒரு பொட்டலம் வாங்கி வந்து, நாங்கள் மூன்று பேரும் டிவி முன்னால் உரித்துத் தின்றோம். அந்தக் குப்பையைக் கூட்டும்போது உன்னைக் கூப்பிட்டுச் சொல்லலாமா என்றுகூட நினைத்தேன். அந்த அளவுக்கு எனக்கு மனசு லேசாக இருந்தது.

மூன்றாம் நாள் தௌக்கே, எல்லாம் சரி, பழைய கம்பெனியிலிருந்து ஒரு கடிதம் மட்டும் கொண்டுவா என்றிருக்கிறார். கணக்கு வழக்கைப் பார்ப்பது அவர் மகனாம், தாள் இல்லாமல் ஆள் எடுக்க மாட்டானாம். இவர் பத்து காஜாவில் ரயில் ஏறித் தஞ்சோங் மாலிம் வந்தார். உன் வரிசை இருக்கும் பக்கம் தலை காட்டவில்லை. ஆபீசில் கேட்டார், அரை மணி நேரத்தில் கொடுத்துவிட்டார்கள். ஒரே பக்கம், மலாயில். பதினோரு வருடம் வேலை செய்தார், நடத்தை நல்லது, நிறுத்தியதற்குக் காரணம் லம்பாட். வேலையில் மந்தம்.

அதை அவர் ரயிலில் படித்திருக்கிறார். படித்துவிட்டு நேராகப் போய் தௌக்கேயிடம் கொடுத்தும் விட்டார். கொடுக்காமல் இருந்திருக்கலாமே என்றேன். "கேட்டாங்க, கொடுத்தேன்" என்றார். தௌக்கே நல்ல மனுஷன், நான் என் கண்ணால் உன் வேலையைப் பார்த்தேன், எனக்குக் குறை இல்லை என்று சொன்னாராம். மகன் ஒத்துக்கொள்ளவில்லை. கம்பாரிலிருந்து வந்த ஓர் இளவயதுக்காரனை எடுத்துவிட்டார்கள். மூன்று நாள் கூலியை மட்டும் உறையில் போட்டுக் கொடுத்தார்கள்.

அன்று சாயங்காலம் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தேன். பின்னால் வந்து நின்றார்.

"நா லம்பாட்டா, கலா?"

என்ன உளறுறீங்க, அவங்க எதையாவது எழுதணும்னு எழுதியிருப்பாங்க என்றேன். சரி என்று உள்ளே போய்விட்டார்.

நான் சும்மா இருக்க முடியாமல் யோசித்தேன். புதிதாக வந்த அதிகாரிக்கு இவரைத் தெரியாது. இவர் மெஷினில் உட்கார்ந்து அவர் பார்த்ததுகூட இல்லை. அப்படியானால் அந்த வார்த்தை எங்கிருந்து வந்தது? உன் முதல் கடிதத்தை எடுத்து மறுபடி படித்தேன். பெயர் எழுதினேன், பெயர் எழுதினேன் என்று பக்கம் முழுக்கச் சொல்லியிருக்கிறாய். பெயர் மட்டும்தானா எழுதினாய்? பதில் சொல்.

கலா


தஞ்சோங் மாலிம்
ஏப்ரல் 30

அக்கா,

பெயருக்குப் பக்கத்தில் ஒரு கட்டம் இருந்தது. காரணம் எழுத வேண்டிய கட்டம். மற்ற இரண்டு பேருக்கும் உண்மையான காரணம் இருந்தது, ஒருத்தன் வேலைக்கே ஒழுங்காக வரமாட்டான், இன்னொருத்தன் சேர்ந்தே மூன்று மாதம்தான். மச்சானுக்கு எழுத என்னிடம் ஒன்றும் இல்லை. கட்டத்தைக் காலியாக விட்டால் தாளை வாங்க மாட்டார்கள். பேனாவை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு அந்த வார்த்தையை எழுதினேன்.

ஏன் அந்த வார்த்தை என்று நீ கேட்பாய். அது பச்சைப் பொய் என்பதால்தான், அக்கா. குடிப்பார் என்றோ சண்டை போடுவார் என்றோ எழுதினால் யாராவது நம்பிவிடக்கூடும். அர்ச்சுனன் மந்தம் என்று எழுதினால் இந்தத் தொழிற்சாலையில் யார் நம்புவார்? கேன்டீன்காரி காளியம்மாகூடச் சிரிப்பாள். சுவர்ணா மேடம் பார்த்ததும் என்னைக் கூப்பிட்டு, என்ன பவித்ரன் இது, விளையாடுகிறாயா என்று கேட்டு அடித்துவிடுவார் என்று நினைத்தேன். அடிக்க வேண்டும் என்பதற்காகவே அப்படி எழுதினேன். சிரிக்கத் தெரிந்தவர்கள் எல்லாரையும் அதற்குள் அனுப்பிவிட்டார்கள்.

முதல் கடிதத்தில் இதை மறைத்தேன். பெயரை மன்னித்தாலும் இதை நீ மன்னிக்க மாட்டாய் என்று தெரியும். அந்த மெங்லெம்பு வேலையை நான்தான் தேடிக் கொடுத்தேன், அதைக் கெடுத்ததும் நான்தான்.

இப்போது ஒன்று செய்யலாம். சுவர்ணா மேடம் இடத்துக்கு வந்த புது மேனேஜரிடம் போய், நான் எழுதியது பொய், மச்சான்தான் வரிசையிலேயே வேகமான ஆள், உற்பத்திக் கணக்குப் புத்தகத்தைப் பாருங்கள் என்று சொல்லிவிடலாம். கடிதத்தை மாற்றித் தரலாம், அவரைத் திரும்பக் கூப்பிடவும் செய்யலாம். ஆனால் கம்பெனித் தாளில் பொய் எழுதினேன் என்று நானே ஒத்துக்கொண்டால் என்னை அன்றைக்கே அனுப்பிவிடுவார்கள், நட்ட ஈடு எதுவும் இல்லாமல். ஆர்த்திகாவுக்கு ஜூலையில் பிரசவம். அவளிடம் இதுவரை எதையும் சொல்லவில்லை.

நீ சொல், அக்கா. போ என்று ஒரு வார்த்தை எழுது, அன்றைக்கே போகிறேன். வேண்டாம் என்றால் வேண்டாம். நீ எது சொன்னாலும் செய்கிறேன்.

பவி


லகாட்
மே 25

பவித்ரனுக்கு,

உன் கேள்விக்கு நான் எழுதுகிற நான்காவது கடிதம் இது. முதல் மூன்றில் "போ" என்று எழுதியிருந்தேன். ஒன்றை உறையில் போட்டு ஒட்டி, தபால் பெட்டி வரைக்கும் கொண்டு போனேன். ஆர்த்திகா வயிற்றைத் தள்ளிக்கொண்டு நிற்பது கண்ணில் வந்தது, திரும்பி வந்து கிழித்தேன். அடுத்த நாள் இவரைப் பார்த்ததும் ஏன் கிழித்தோம் என்று ஆத்திரம். மறுபடி எழுதினேன். இப்படியே ஒரு மாதம் போய்விட்டது.

இவர் எப்படி இருக்கிறார் என்று தெரிந்துகொள். பத்துமலை அண்ணனுடைய சொந்தக்காரர் ஹுத்தான் மெலிந்தாங்கில் இறால் பிரிக்கிற கொட்டகை வைத்திருக்கிறார். பெரிசு, சிறுசு என்று தரம் பிரித்துக் கூடையில் போட வேண்டும், அவ்வளவுதான். இரண்டு வாரம் தங்கி வேலை செய்கிறேன் என்று போனவர் நான்காம் நாள் துணி மூட்டையோடு வந்து நின்றார். யாரும் போகச் சொல்லவில்லையாம். "எனக்காக மத்தவங்க காத்துக்கிட்டு நிக்கிறாங்க கலா, அது நல்லா இல்ல" என்றார். பத்துமலை அண்ணன் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார், ஒவ்வொரு இறாலையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, கூடையில் போட்டதை மறுபடி எடுத்துப் பார்க்கிறாராம்.

போன ஞாயிற்றுக்கிழமை குனோங் லாங் பூங்காவுக்குப் போனோம். சோறு கட்டி எடுத்துக்கொண்டு போனோம், ஷாமினிகூட முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாமல் வந்தாள். குளத்தைச் சுற்றி நடக்கும்போது பின்னால் யார் வந்தாலும் இவர் ஒதுங்கி நின்று வழி விடுகிறார். சின்னப் பிள்ளைகள் வந்தாலும் ஒதுங்குகிறார். அப்பா, ஏன் நிக்கிறீங்க, வாங்க என்று ஷாமினி கையைப் பிடித்து இழுத்தாள். "நீங்க போங்கம்மா, நா மெதுவா வாரேன்" என்றார். எனக்கு அங்கேயே உட்கார்ந்து அழ வேண்டும்போல் இருந்தது. சோற்றுப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தேன்.

அந்த வார்த்தையை எழுதியது நீதான் என்று இவருக்கு இன்னும் சொல்லவில்லை. சொல்ல வாய் வரவில்லை.

நீ கேட்டதற்கு வருகிறேன். போ என்றால் உன் பிள்ளையின் பாலை நான் பறித்ததாகும். போகாதே என்றால் என் புருஷனை நானே மந்தம் என்று ஒத்துக்கொண்டதாகும். இதை ஏன் என் தலையில் கட்டுகிறாய்? நன்றாக யோசித்துப் பார், நீ எப்போதும் செய்வது இதைத்தான். ஒன்றை எழுதிவிட்டு, அதை அடிக்கிற வேலையை இன்னொருத்தர் கையில் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறாய். அன்றைக்கு சுவர்ணா மேடம், இன்றைக்கு நான். என் கையில் சிவப்புப் பேனா எதுவும் இல்லை.

என்னிடம் கேட்காதே. உனக்குத் தோன்றியதைச் செய்.

கலா


தஞ்சோங் மாலிம்
ஜூன் 14

அக்கா,

போனேன். உன் கடிதம் வந்த மூன்றாம் நாள் ஆர்த்திகாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் என் நீலச் சட்டையை இஸ்திரி போட்டுக் கொடுத்தாள். அதைப் போட்டுக்கொண்டு மேனேஜர் அறைக்குப் போனேன்.

மேனேஜர் என்னைவிட நாலைந்து வயது சின்னவர், மரியாதையான ஆள். நாற்காலியைக் காட்டினார், நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். கோபப்படவே இல்லை. இன்னும் யாருக்கும் சொல்லவில்லை, உங்களிடம் சொல்கிறேன் என்று தொடங்கினார். ஜூன் கடைசியோடு லைன் நாலையே மூடுகிறார்களாம். பதினொரு பேரும் போகிறோம், நானும்தான். என் பெயர் இருந்த தாளைக் காட்டினார். என் பெயருக்குப் பக்கத்தில் இருந்த கட்டம் காலி. வரிசையையே மூடுவதால் யாருக்கும் காரணம் எழுதத் தேவையில்லையாம்.

மச்சான் கடிதத்தை மாற்றித் தாருங்கள், அது மட்டும் போதும் என்று கேட்டேன். அந்தக் கோப்பை மூடித் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பியாகிவிட்டது, இங்கிருந்து ஒன்றும் செய்ய முடியாது என்றார். அந்த வார்த்தைக்கு நானே ஜவாப்தாரி என்று எழுதித் தருகிறேன், என்னை இப்போதே அனுப்புங்கள் என்றுகூடச் சொன்னேன். அதற்கு அவசியம் இல்லை என்றார். தண்டனையாவது கொடுத்திருக்கலாம், அதுகூடக் கிடைக்கவில்லை.

நான் போயும் ஒன்றும் ஆகவில்லை, போகாமல் இருந்திருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது. இவ்வளவு நாள் உன்னைப் போட்டு வதைத்ததுதான் மிச்சம். வேலை தேடி இந்த ஊரில் எட்டு இடத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். எட்டு இடத்திலும் எனக்கு முன்னால் எங்கள் ஆட்களே நிற்கிறார்கள்.

ஒன்று மட்டும் செய்திருக்கிறேன். மச்சானுக்குத் தனியாக ஒரு கடிதம் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். அந்த வார்த்தையை எழுதியது நான், அது பொய் என்று எனக்குத் தெரிந்தே எழுதினேன், பதினோரு வருடத்தில் அந்த வரிசையில் அவரைவிட வேகமாகத் தைத்தவர் யாரும் இல்லை என்று எழுதி, உற்பத்திப் புத்தகத்திலிருந்து ஒரு வருடக் கணக்கையும் பார்த்துக் கையால் எழுதிச் சேர்த்திருக்கிறேன். நீ சொல்லத் தயங்கியதை அந்தக் கடிதம் சொல்லிவிடும். என்மேல் அவருக்கு வரும் கோபம் எதுவானாலும் வரட்டும். அவர் அந்த வார்த்தையை நம்பாமல் இருந்தால் போதும்.

பவி


லகாட்
ஜூலை 6

பவி,

பெண் குழந்தை என்று பத்துமலை அண்ணன் போனில் காட்டிய படத்தில் பார்த்தேன். ஆர்த்திகாவின் நெற்றி. இரண்டு பேரும் நலம் என்று தெரிந்துகொண்டேன். அவளைக் குளிர்ந்த தண்ணீரில் கை வைக்க விடாதே.

நீ இவருக்கு எழுதிய கடிதத்தை இரண்டு வாரம் என் சலவை அறை அலமாரியில் வைத்திருந்தேன். போன ஞாயிற்றுக்கிழமை ஷாமினி டியூஷனுக்குப் போனபின் இவர் கையில் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஜன்னல் பக்கம் போய் உட்கார்ந்து படித்தார். முழுக்க ஒரு தடவை, பிறகு கணக்குத் தாளை மட்டும் ஒரு தடவை. உன்மேல் கோபப்படுவார் என்று காத்துக்கொண்டு நின்றேன். கோபம் வந்திருந்தால் எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்கும்.

"அன்னைக்கு எழுதுனது பொய்யா, இன்னிக்கி எழுதுனது பொய்யா?" என்று கேட்டார்.

அன்றைக்கு எழுதியதுதான், அவனே சொல்கிறானே என்றேன்.

"ரெண்டும் அவன் கையெழுத்துதான் கலா. பாவம், வேல போயிருச்சுல்ல, மனசு கேக்காம நம்மளச் சமாதானம் பண்ண எழுதிருக்கான்."

கடிதத்தை மடித்து என்னிடமே திருப்பிக் கொடுத்தார். உனக்கு ஏதாவது வேலை இருக்கிறதா என்று மகேந்திரனிடம் கேட்கச் சொன்னார்.

நீ வருவதென்றால் இனி வா. கோபம் தீர்ந்து சொல்லவில்லை, அதை வைத்துக்கொண்டு ஒன்றும் ஆகப்போவதில்லை என்று தெரிந்துவிட்டது. வந்தால் வேலைப் பேச்சை எடுக்காதே. இவரை எங்காவது வெளியே கூட்டிப் போ.

வருவதற்கு முன்னால் ஒன்றைத் தெரிந்துகொண்டு வா, இல்லையென்றால் பார்த்ததும் முகம் மாறிவிடுவாய். பக்கத்து வீட்டு அக்கா செவ்வாய்க்கிழமை ஒரு திரைச்சீலை கொண்டுவந்து ஓரம் அடித்துத் தரச் சொன்னார். முன்பென்றால் டீ ஆறுவதற்குள் முடித்துக் கொடுத்திருப்பார். இன்றைக்கு ஞாயிறு. தைக்கிறார், நிறுத்தி அளக்கிறார், பிரிக்கிறார், மறுபடி தைக்கிறார். இதை எழுதும்போதும் உள்ளே அந்த மெஷின் சத்தம் நாலு தையலுக்கு ஒருமுறை நின்று நின்று கேட்கிறது.

நீ எழுதிய அன்று அது பொய்தான், பவி. இன்றைக்கு யாராவது வந்து பார்த்துவிட்டு அதே வார்த்தையைச் சொன்னால், பொய் என்று சொல்ல என்னால் முடியாது.

அக்கா